பாக்கெட் பிஸ்டல்: முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கத் துப்பாக்கிக் கடைக்கு முதன்முறை போகிறவர் பலர், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதிலேயே சிறியதைக் கைகாட்டுகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிறது, கனமில்லை, விலையும் குறைவு. ஆனால் சுடுவதற்கு அதுதான் கடினமானது. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். குழல் குறுகினால், குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரமும் குறுகி, கையின் சிறு பிசகுகூட இலக்கில் பெரிதாகத் தெரியும். ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம், இலேசாக இருப்பதால் அதை அடக்க விறைப்பான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். பின்னுக்கு இழுக்கவே சிலருக்குக் கை வலிக்கும். எனவே தேடவேண்டியது உலகத்திலேயே சிறிய பிஸ்டலை அல்ல. உங்கள் பாக்கெட்டில் தினமும் தெரியாமல் இருக்கக்கூடியவற்றுள் பெரியதை.

முதலில் சட்டம்

உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கைத்துப்பாக்கி வாங்க, கூட்டாட்சிச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட்டபின் பின்னணிச் சோதனை நடக்கும். குடியுரிமை பெற்றவர்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் வாங்கலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்கூடத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. நண்பர்களோடு வார இறுதியில் ரேஞ்சுக்குக் கிளம்பும் ஐ.டி. பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை. துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் நாடுகடத்தப்படவும் அதுவே காரணமாகலாம் என்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மறைத்து எடுத்துச் செல்வது மாநிலச் சட்டத்தின் கீழ் வரும். 2024-இல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது, அனுமதி அட்டை இல்லாமலே எடுத்துச் செல்லக்கூடிய மாநிலங்கள் 29 ஆயின. உங்கள் மாநிலம் அதில் ஒன்றாக இருந்தாலும் அட்டையை வாங்கிவிடுங்கள். பள்ளிக்கூட எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலமே கொடுத்த உரிமம் உள்ளவருக்குத்தான் விலக்கு. ஊருக்குள் வண்டி ஓட்டினால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தைத் தாண்டாமல் போக முடியாது. பக்கத்து மாநிலத்துக்குப் போகும்போதும் அட்டை உதவும், அந்த மாநிலம் அதை ஏற்றுக்கொண்டால்.

தபால் அலுவலகம், கூட்டாட்சி அரசுக் கட்டடங்கள் இரண்டிலும் கூடாது. டெக்சாஸில் சிவப்பு எழுத்தில் 51% என்ற பலகை மாட்டிய மதுக்கூடத்துக்குள் கூடாது. கோவில், தேவாலயம், மருத்துவமனை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனிலும் வட கரோலினாவிலும் போலீஸ் நிறுத்தினால், துப்பாக்கி இருப்பதை நீங்களாகவே சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழி உள்ள, பட்டதும் விரியும்) தோட்டாவை வீட்டுக்கு வெளியே கொண்டுசெல்லத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. பிஸ்டல் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள். வாங்கிய பிறகு பார்த்தால், மேகசினையும் தோட்டாவையும் மாற்றும் செலவு தனி.

பாக்கெட்டை அளந்து பாருங்கள்

ஒரு கெட்டி அட்டையை 5.2 அங்குல நீளம், 4.1 அங்குல உயரத்துக்கு, 'ட' வடிவத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். இது ஏறக்குறைய ரூகர் எல்சிபி மேக்ஸின் அளவு. அதை முன்பாக்கெட்டில் போட்டு ஒரு நாள் முழுக்க நடந்து, உட்கார்ந்து, வண்டி ஓட்டிப் பாருங்கள். மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பாக்கெட்டின் வாய் போதுமா? கையை விரித்து உள்ளே விடுவது எளிது. பிடியைப் பற்றிய முஷ்டியோடு வெளியே எடுக்கும்போதுதான் சிக்கும். முஷ்டி மாட்டுகிறது என்றால் அந்தக் கால்சட்டை இதற்கு ஆகாது. இறுக்கமான ஜீன்ஸில் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். சீனோஸ், கார்கோ வகைக் கால்சட்டைகள் தேவலாம்.

உருவம் வெளியே தெரிகிறதா? நிற்கும்போது தெரியாது, உட்காரும்போது துணி இழுபட்டுத் தெரியும். உட்கார்ந்து கண்ணாடியில் பாருங்கள்.

உட்கார்ந்தபடி எடுக்க முடிகிறதா? சீட் பெல்ட் போட்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும்போது முன்பாக்கெட்டிலிருந்து எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். நாளில் பாதி நேரம் வண்டியிலேயே கழிகிறது என்றால் பாக்கெட் உங்களுக்கான இடம் அல்ல. பெண்களுக்கான கால்சட்டைகளில் பாக்கெட்டே ஆழமில்லாமல் தைத்து வைக்கிறார்கள். அவர்களுக்கும் இடுப்பில் வைப்பதே பெரும்பாலும் பொருந்தும். கைப்பையில் வைக்கலாமே என்று தோன்றும். திருடன் முதலில் பறிப்பதே கைப்பையைத்தான். குழந்தை துழாவுவதும் அதைத்தான்.

பின்பாக்கெட் வேண்டவே வேண்டாம்.

எந்தத் தோட்டா?

பாக்கெட் பிஸ்டல்களில் பரவலானது .380 ஏசிபி. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. 1908-இல் கோல்ட் நிறுவனத்தின் பாக்கெட் பிஸ்டலோடு வந்தது. 9 மி.மீ. தோட்டாவின் அதே விட்டம், நீளம் குறைவு, வேகம் குறைவு. 300 கிராம் எடையுள்ள பிஸ்டலில் பெரும்பாலோர் தாங்கக்கூடிய உதைப்பு இதோடு முடிகிறது.

இதில் ஒரு சிக்கலைத் தெரிந்துகொள்ள வேண்டும். தற்காப்புத் தோட்டாக்களைச் சோதிக்க எஃப்பிஐ வைத்திருக்கும் அளவுகோல், உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்பது. 2.75 அங்குலக் குழலிலிருந்து கிளம்பும் .380 ஹாலோ பாயிண்டுக்கு வேகம் பற்றாது. விரிந்தால் ஆழம் போகாமல் நிற்கிறது. ஆழம் போனால் பல சமயம் விரிந்திருப்பதில்லை. அதனால் சிலர் .380-இல் விரியாத, செம்புறை போட்ட உருண்டைமூக்குக் குண்டையே போட்டுக்கொள்கிறார்கள். அது இலக்கைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருப்பவர் மேல் பாயும் வாய்ப்பு கூடுதல். ஹார்னடி கிரிட்டிக்கல் டிஃபென்ஸ் 90 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு), ஃபெடரல் எச்எஸ்டி 99 கிரெய்ன் போன்ற தற்காப்புத் தோட்டாக்களில், உங்கள் பிஸ்டல் எதைத் தடங்கலின்றி விழுங்குகிறதோ அதை எடுங்கள். விரிவை விட அது முக்கியம்.

9 மி.மீ. கூடுதல் வேகம், மலிவான பயிற்சித் தோட்டா. ஆனால் பாக்கெட் அளவில் எடையும் கூடும், உதைப்பும் கூடும். .32 ஏசிபி மென்மையாக உதைக்கும். வயதானவர்களுக்கும் மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் நல்லது. இந்தத் தோட்டாவின் அடியில் சிறு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். நீளம் குறைந்த ஹாலோ பாயிண்டைப் போட்டால், மேகசினுக்குள் தோட்டாக்கள் முன்பின் நகர்ந்து, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். மேகசினைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டிவரும், மேகசினைத் தட்டி ஸ்லைடை இழுத்தால் சரியாகாது. .32 வைத்திருப்பவர்கள் பலர் நீளமான உருண்டைமூக்குக் குண்டையே விரும்புவதற்குக் காரணம் இதுதான். .22 சுட இதமானது. அடிவிளிம்பில் வெடிமருந்து பூசிய தோட்டா என்பதால் வெடிக்காமல் போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். வேறு எதையும் சுட முடியாதவருக்கு மட்டும்.

எந்த பிஸ்டல்?

ரூகர் எல்சிபி 2008-இல் வந்தது. காலி எடை சுமார் 266 கிராம், மேகசினில் 6 தோட்டா. நீண்ட ட்ரிக்கர், கண்ணுக்கே தெரியாத குறிகள், கடைசித் தோட்டா முடிந்தால் ஸ்லைடு பின்னால் நிற்காது. இன்றைக்குப் புதிதாக வாங்க எல்சிபி மேக்ஸ் (2021) மேல். சுமார் 300 கிராம்தான், 10 தோட்டா, முன்குறியில் இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் விளக்கு, கடைசியில் ஸ்லைடும் நிற்கும். பழைய எல்சிபியை இரண்டாம் கையாக வாங்கினால் வரிசை எண் 370 என்று தொடங்குகிறதா என்று பாருங்கள். கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று 2008 அக்டோபரில் ரூகர் திரும்பப் பெற்ற வரிசை அது. சரிசெய்யப்பட்டதா என்பதை எண்ணைச் சொல்லி நிறுவனத்திடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாடிகார்டு 2.0 (2024) எல்சிபி மேக்ஸுக்கு நேர்ப் போட்டி. சுமார் 280 கிராம். 10, 12 தோட்டா மேகசின்கள், கையால் போடும் பாதுகாப்புப் பூட்டு உள்ளது, இல்லாதது என இரு வகை. ட்ரிக்கர் நன்றாக இருக்கிறது. முதல் பாடிகார்டு 380-இன் ட்ரிக்கர் நீளத்தை நினைத்துக்கொண்டு இதை ஒதுக்க வேண்டாம்.

கிளாக் 42 (2014) காலி மேகசினோடு 390 கிராம், 6 தோட்டா. எண்ணிக்கையில் பின்தங்கினாலும் .380 பிஸ்டல்களில் சுட இதமானது என்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பெரிய பாக்கெட் இருந்தால் புதியவருக்கு இதுவே நல்ல தொடக்கம்.

சிக் சாவர் பி365 (2018) 9 மி.மீ., 10 தோட்டா, சுமார் 500 கிராம். பாக்கெட்டில் வைக்கலாம் என்பார்கள். தளர்வான கால்சட்டையும் நல்ல பெல்ட்டும் இருந்தால் சரி. மற்றபடி இடுப்புக்கான பிஸ்டல் இது.

ரிவால்வரை மறந்துவிட வேண்டாம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ரூகர் எல்சிஆர் இரண்டும் ஐந்து தோட்டா .38 ஸ்பெஷல், 400 கிராம் சுற்றுவட்டாரம். சுத்தியல் வெளியே துருத்தாததால் துணியில் மாட்டாது. எதிராளியின் உடம்போடு ஒட்டி அழுத்தினால் பிஸ்டலின் ஸ்லைடு பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சுடாமல் போகலாம். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் அடுத்தது வரும். ஆனால் உருளை 1.3 அங்குல அகலம், பாக்கெட்டில் புடைக்கும். ட்ரிக்கரும் கனம். 400 கிராம் எடையுள்ள பொருளில் ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் குழல் ஆடாமல் என்ன செய்யும்? இதைச் சுட்டுப் பழக பிஸ்டலைவிட இரண்டு மடங்கு பொறுமை வேண்டும்.

கடையிலும் ரேஞ்சிலும்

கையில் வாங்கியதும் மேகசினை எடுத்துவிட்டு, ஸ்லைடை இழுத்துப் பிடித்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டுப் பிறகு மேகசினை எடுத்தால், புதிய தோட்டா ஒன்று அறைக்குள் ஏறியிருக்கும். மேகசின் இல்லாவிட்டால் சுடாது என்று நம்புவதும் தவறு. பெரும்பாலான பிஸ்டல்கள் சுடும். விற்பவர் உங்கள் கண்முன் சோதித்துக் கொடுத்திருந்தாலும் நீங்களும் சோதியுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஸ்லைடை இழுக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதாது. இடது உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பிடித்து, பிஸ்டலை நெஞ்சருகே கொண்டுவந்து, வலக்கையால் பிடியை முன்னோக்கித் தள்ளுங்கள். குழலின் வாய் பக்கத்தில் இருப்பவரை நோக்கித் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் உடம்பைத் திருப்பாமல் பிஸ்டலைத் திருப்புவார்கள். இப்படியும் முடியவில்லை என்றால் பெரெட்டா 21ஏ பாப்கேட் போன்ற, குழல் மேலே எழும்பும் பிஸ்டல் உண்டு. தோட்டாவை நேராகக் குழலிலேயே போடலாம்.

பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், சுண்டுவிரல் தொங்கும். மேகசின் அடியில் விரல்தாங்கி வைத்தால் சுடுவது எளிதாகும், உயரம் அரை அங்குலம் கூடும். அட்டையை அதற்கேற்ப மறுபடி வெட்டிப் பாருங்கள்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 50 தோட்டா சுடுங்கள். முதல் பத்தில் எல்லாமே பிடித்துப்போகும். நாற்பதாவது தோட்டாவில் ட்ரிக்கர் வளையம் விரலை இடிக்கிறதா, உள்ளங்கை சிவக்கிறதா என்பதுதான் கணக்கு. சுட வலிக்கும் பிஸ்டலில் யாரும் பயிற்சி செய்வதில்லை.

உறை இல்லாமல் பாக்கெட்டில் போடாதீர்கள்

பிஸ்டலின் விலையோடு உறையின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். பாக்கெட் உறைக்கு மூன்று வேலை: ட்ரிக்கரை முழுவதும் மூட வேண்டும், பிடி எப்போதும் மேலே பார்த்து நிற்க வைக்க வேண்டும், பிஸ்டலை எடுக்கும்போது தான் பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். டிசான்டிஸ் நெமிசிஸ் போன்ற சொரசொரப்பான வெளிப்பரப்பு உள்ளவை மலிவு, போதுமானவை. தொய்ந்துபோன தோல் உறை ஆபத்து. அதன் விளிம்பு மடிந்து ட்ரிக்கர் வளையத்துக்குள் நுழையும்.

அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா, கைக்குட்டை எதுவும் இருக்கக் கூடாது. சாவி நுனி ட்ரிக்கரை இழுக்க ஒரு தடவை போதும்.

உறையில் செருகும்போது உறையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே எடுத்து, பிஸ்டலைச் செருகி, பிறகு இரண்டையும் சேர்த்து உள்ளே விடுங்கள். பாக்கெட்டுக்குள் உறை இருக்கும்போதே பிஸ்டலைத் திணித்தால் குழல் உங்கள் தொடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவசரப்பட எந்தக் காரணமும் இல்லாத வேலை இது. பாக்கெட்டில் வைப்பதில் ஒரு வசதி: கழிப்பறையில் அதைத் தொடவே வேண்டியதில்லை. இடுப்பில் வைப்பவர்கள் மறந்து விட்டுவிட்டு வருவது அங்கேதான்.

நம்பலாமா என்று சோதித்தல்

பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பும் முன் 200 சாதாரண தோட்டாவும், எடுத்துச் செல்லப்போகும் தற்காப்புத் தோட்டாவில் 50-ம் சுடுங்கள். தற்காப்புத் தோட்டா பெட்டிக்கு 20 அல்லது 25 தான் வரும், விலையும் கடிக்கும், ஆனாலும் குறைக்காதீர்கள். எல்லா மேகசின்களையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே மேகசினில் மட்டும் தடை வந்தால் கோளாறு மேகசினில்.

சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியேறாமல் ஸ்லைடில் நிமிர்ந்து மாட்டிக்கொண்டால் முதல் சந்தேகம் உங்கள் மணிக்கட்டின் மேல். இலேசான பிஸ்டலில் மணிக்கட்டு தளர்ந்தால், ஸ்லைடோடு சேர்ந்து சட்டகமும் பின்னால் போய்விடும். ஸ்லைடு முழுதாக ஓடி முடிக்காது. இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், அனுபவமுள்ள ஒருவரைச் சுடச் சொல்லிப் பாருங்கள். அவர் கையிலும் நின்றால் பிஸ்டலையோ தோட்டாவையோ பார்க்க வேண்டும். ஹாலோ பாயிண்டின் மூக்கு அறையின் சரிவில் முட்டி நிற்கிறது என்றால் வேறு நிறுவனத் தோட்டாவுக்கு மாறுங்கள். ஸ்லைடு நிற்கும் வகைப் பிஸ்டலில் கடைசித் தோட்டாவுக்குப் பின் அது நிற்கவில்லையா? உங்கள் கட்டைவிரல் ஸ்லைடைப் பிடித்து நிறுத்தும் நெம்புகோலின் மேல் அமர்ந்திருக்கும்.

தடை வந்தால்: மேகசினின் அடியில் ஓங்கித் தட்டி, ஸ்லைடை முழுதாக இழுத்து விடுங்கள். ட்ரிக்கரை இழுத்தும் வெடிக்காவிட்டால் ரேஞ்சில் குழலை இலக்கை நோக்கியே 30 விநாடி பிடித்திருந்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. 'பொக்' என்று சத்தம் அடங்கி ஒலித்தால் நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

மூன்று, ஐந்து, ஏழு கெஜம் — பயிற்சிக்கு இந்தத் தூரங்கள் போதும். மாதம் 50 தோட்டா என்று வைத்துக்கொண்டால் கை மறக்காது. வீட்டில் தோட்டா இல்லாமல் எடுத்துப் பழகுவதானால் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். எல்சிபி வகைகளில் ஒவ்வொரு முறையும் ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்தால்தான் சுத்தியல் மீண்டும் ஏறும். .22 பிஸ்டலை வெறுமனே சுடாதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளமாக்கும். போலித் தோட்டா போடுங்கள்.

தினசரி

பாக்கெட்டில் பஞ்சும் தூசியும் சேரும். வாரம் ஒரு முறை பிஸ்டலை வெறுமையாக்கி, குழல், குறிகள், மேகசின் வாய் மூன்றையும் தூரிகையால் துடையுங்கள். எண்ணெய் மெல்லியதாக, ஊற்றினால் பஞ்சு பசையாகிவிடும். ஹூஸ்டன், மயாமி போன்ற ஊர்களில் ஆகஸ்ட் வியர்வைக்குக் கறுப்பு எஃகு ஸ்லைடு சில நாளிலேயே துருப்பிடிக்கும், அங்கே தினமும் துடைக்க வேண்டும்.

ஒரே தோட்டாவை இரவில் இறக்கி, காலையில் மறுபடி அறைக்குள் ஏற்றும் பழக்கம் நல்லதல்ல. ஒவ்வொரு முறையும் சரிவில் இடித்து, குண்டு தோட்டாக் கூட்டுக்குள் அமுங்கும். அமுங்கினால் சுடும்போது அழுத்தம் எகிறும். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள், குறைந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அதைவிட நல்லது, உறையோடும் தோட்டாவோடும் அப்படியே சிறு பூட்டுப்பெட்டியில் வைப்பது. குழந்தைகள் உள்ள வீட்டில் அலமாரி உச்சி பாதுகாப்பு ஆகாது. காரின் கையுறைப் பெட்டியும் ஆகாது. அங்கிருந்துதான் திருடர்கள் எடுக்கிறார்கள்.

ஊருக்குப் போகும்போது ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்பில் தங்கிய ஒற்றைத் தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரலாம். மறந்துவிட்டேன் என்பதை நிரூபிப்பதற்குள் திரும்பும் விமானம் போயிருக்கும். ரேஞ்சுக்கென்று தனிப் பை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மலிவானதே போதும்.